வண்டிச் சறுக்கல்: காரணமும் மீட்சியும்

ஓடும் வண்டி, ஓட்டுநர் திருப்பிய பக்கம் திரும்பாமலும், அவர் நிறுத்த எண்ணிய இடத்தில் நிற்காமலும், முன்பு பெற்றிருந்த வேகமும் திசையும் இழுத்த வழியே செல்லத் தொடங்கும் நிலை சறுக்கல் எனப்படும். ‘வண்டி வாரிவிட்டது’ என்றும் ‘ஸ்கிட் ஆகிவிட்டது’ என்றும் ஓட்டுநர்கள் இதைக் குறிப்பிடும்போது, பழி பெரும்பாலும் மழையின் மீதோ மணலின் மீதோ சிந்திய எண்ணெயின் மீதோ விழுகிறது. ஆயினும் சமதளப் பனிக்கட்டியின் மேல் நிறுத்தி வைக்கப்பட்ட கார் தானாகச் சறுக்குவதில்லை; அதே பனிக்கட்டியின் மேல் மெதுவாக ஊர்ந்து செல்லும் காரும் பெரும்பாலும் சறுக்குவதில்லை. சாலை தரக்கூடிய பிடிமானத்தைவிட அதிகமான பிடிமானத்தை ஓட்டுநரின் கையும் காலும் கேட்கும் அந்தக் கணத்தில்தான் சறுக்கல் பிறக்கிறது. ஆகவே சறுக்கலைப் புரிந்துகொள்வது என்பது, சாலை எவ்வளவு தரும், ஓட்டுநர் எவ்வளவு கேட்கிறார் என்னும் இரண்டையும் அறிவதேயாகும்.

இவ்வுரை முதலில் பிடிமானத்தின் இயற்பியலையும், அடுத்து சறுக்கலின் வகைகளையும் அவற்றிலிருந்து மீளும் முறைகளையும், பின்னர் மீட்சிக்கென உருவான கருவிகளையும் விளக்கி, இறுதியில் வட ஐரோப்பிய நாடுகள் தம் புதிய ஓட்டுநர்களுக்குச் சறுக்கல் பயிற்சி அளித்துப் பெற்ற எதிர்பாராத அனுபவத்தை ஆராய்கிறது. மீட்கும் கைத்திறன் உண்மையானது, கற்கத்தக்கது. ஆனால் அதன் எல்லை மிகக் குறுகியது. அந்த எல்லையை அறியாமல் கற்ற திறன், கல்லாமையைவிடத் தீங்கு தரவும் கூடும் என்பதே இவ்வுரை நிறுவ முயலும் கருத்து.

பிடிமானத்தின் அளவு

வண்டி எவ்வளவு பெரிதாயினும் அது சாலையைத் தொடுவது சக்கரங்களின் அடியில் உள்ள சிறு பரப்புகளில் மட்டுமே. 1,200 கிலோ எடையுள்ள காரின் டயர்களில் 32 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் இருக்குமானால், ஒவ்வொரு டயரும் தரையில் பதியும் பரப்பு ஏறத்தாழ 130 சதுர சென்டிமீட்டர்தான். முடுக்குதல், நிறுத்துதல், திருப்புதல் ஆகிய அனைத்தும் இத்தகைய நான்கு பரப்புகளின் வழியாகவே நடந்தாக வேண்டும்.

இரு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று நகர முயலும்போது அதைத் தடுக்கும் விசையே உராய்வு. அது பரப்புகளை அழுத்தும் பாரத்திற்கு ஏற்ப வளரும் என்பதை 1699-இல் பிரெஞ்சு அறிஞர் கீயோம் அமோந்தோன் வகுத்துரைத்தார். உராய்வு விசையைப் பாரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் உராய்வுக் கெழு எனப்படும். ரப்பர் டயருக்கும் காய்ந்த தார்ச்சாலைக்கும் இடையே அது பொதுவாக 0.7 முதல் 0.9 வரையிலும், நனைந்த சாலையில் 0.4 முதல் 0.6 வரையிலும், இறுகிய பனியில் 0.2 முதல் 0.3 வரையிலும், வழவழப்பான பனிக்கட்டியில் 0.1 அல்லது அதற்கும் கீழாகவும் அமைகிறது.

இந்த எண்களின் பொருளை நிறுத்தும் தூரத்தில் காணலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், பிரேக் பிடித்த பிறகு, கெழு 0.8 உள்ள காய்ந்த சாலையில் ஏறத்தாழ 18 மீட்டரிலும், 0.4 உள்ள ஈரச்சாலையில் 35 மீட்டரிலும், 0.1 உள்ள பனிக்கட்டியில் 140 மீட்டருக்குச் சற்று மேலும் சென்று நிற்கும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலை பிரேக்குக்குக் கொண்டுவர ஒரு நொடி ஆகுமானால், அதற்குள் வண்டி கடந்துவிடும் 17 மீட்டர் இவை ஒவ்வொன்றுடனும் தனியே சேரும். வளைவிலும் இதே கணக்குதான்: 50 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவை, காய்ந்த சாலையில் மணிக்கு ஏறத்தாழ 70 கி.மீ. வரையிலும், ஈரத்தில் 50 கி.மீ. வரையிலும், பனிக்கட்டியில் 25 கி.மீ. வரையிலும் மட்டுமே கடக்க முடியும்; அதற்கு மேற்பட்ட வேகத்தில் எத்தகைய ஓட்டுநரின் கையிலும் வண்டி அந்த வளைவில் நிற்காது.

கனமான வண்டி சாலையை அழுத்திப் பிடிப்பதால் சறுக்காது என்று கருதுவோர் உண்டு. பாரம் கூடும்போது உராய்வு விசை கூடுவது உண்மையே. ஆனால் நிறுத்தவும் திருப்பவும் வேண்டிய விசையும் அதே அளவில் கூடிவிடுவதால், எடையினால் ஓட்டுநருக்குக் கிடைக்கும் நிகர ஆதாயம் ஏதுமில்லை.

டயரின் பிடிமானம் பற்றிய மற்றோர் உண்மை, மீட்சி முறைகள் அனைத்திற்கும் அடிப்படையானது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம், வண்டியின் வேகத்திற்கு உரிய அளவைவிடச் சற்றுக் குறைவாகச் சுழல்கிறது. இந்தக் குறைவு வழுக்கு விகிதம் எனப்படும். வழுக்கு விகிதம் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு வரை இருக்கும்போது பிடிமானம் உச்சத்தை அடைந்து, அதற்கு மேல் படிப்படியாகக் குறைகிறது. சக்கரம் முற்றிலும் நின்றுபோய், அதாவது ‘லாக்’ ஆகி, தரையில் இழுபடும்போது நிறுத்தும் விசை குறைவதோடு, திசைகாட்டும் ஆற்றலும் அறவே அற்றுப்போகிறது. சுழலாத டயருக்கு முன்பக்கம், பக்கவாட்டு என்னும் வேறுபாடு இல்லை. அது எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அதற்கு நேர் எதிராக மட்டுமே உராய்வு செயல்படும். முன்சக்கரங்கள் பூட்டப்பட்ட வண்டியில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே செல்வதற்கும், பின்சக்கரங்கள் பூட்டப்பட்ட வண்டியின் பின்பகுதி முன்பகுதியை முந்திக்கொண்டு சுழல முயல்வதற்கும் காரணம் இதுதான்.

ஒரு வருமானம், மூன்று செலவுகள்

ஒரே சம்பளத்தில் வாடகையும் உணவும் பள்ளிக் கட்டணமும் நடத்த வேண்டிய குடும்பத்தைப் போல, ஒவ்வொரு டயரும் தனக்குக் கிடைத்த ஒரே பிடிமானத்தை முடுக்குதல், நிறுத்துதல், திருப்புதல் என்னும் மூன்று தேவைகளுக்கும் பங்கிட வேண்டியிருக்கிறது. பொறியாளர்கள் இதை உராய்வு வட்டம் என்னும் வரைபடத்தால் விளக்குவர். வட்டத்தின் ஆரம் டயர் தரக்கூடிய மொத்தப் பிடிமானம். மேலும் கீழும் முடுக்கமும் நிறுத்தமும், இடமும் வலமும் திருப்பமும் குறிக்கப்படும். எந்தக் கணத்திலும் டயரிடம் கேட்கப்படும் மொத்த விசை வட்டத்தின் விளிம்பைத் தாண்டலாகாது. மொத்தப் பிடிமானத்தில் 80 விழுக்காடு திருப்பத்திற்குச் செலவாகும்போது நிறுத்துவதற்கு 60 விழுக்காடு மிஞ்சும் என்பதும், முழுவதும் திருப்பத்திற்கே செலவாகும்போது நிறுத்துவதற்கு ஒன்றும் மிஞ்சாது என்பதும் இவ்வட்டத்தின் வடிவிலிருந்து பெறப்படும். நேர்ச்சாலையில் எவ்வித இடரும் தராத பிரேக் அழுத்தம், வளைவின் நடுவில் வண்டியைச் சறுக்கிவிடுவது இதனால்தான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை என்னும் பழைய அறிவுரையின் அடிப்படையும் இதுவே.

இந்த வட்டத்தின் அளவும் நிலையானதன்று. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்ந்து முன் டயர்களின் பிடிமானத்தைக் கூட்டுகிறது. அதே வேளையில் பின் டயர்கள் இலேசாகித் தம் பிடிமானத்தை இழக்கின்றன. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இதற்கு நேர்மாறாக நடக்கிறது. வளைவில் வேகமாகச் செல்லும் ஓட்டுநர் அச்சத்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால்கூடப் பாரம் முன்னே சாய்ந்து, பின்பகுதி வெளியே வீசப்படக்கூடும். ஆகவே கையாலும் காலாலும் செய்யும் ஒவ்வொரு செயலும் மெல்லத் தொடங்கி மெல்ல முடிய வேண்டும் என்பது பனிநாட்டு ஓட்டுநர் பயிற்சியின் முதற்பாடமாக விளங்குகிறது.

சறுக்கலின் வகைகளும் மீட்சியும்

முதல் வகை முன்சக்கரச் சறுக்கல். ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி போதிய அளவு திரும்பாமல் வளைவின் வெளிப்புறம் நோக்கிச் செல்வது இதன் அடையாளம். இந்நிலையில் இயல்பாக எழும் தூண்டுதல் ஸ்டியரிங்கை மேலும் திருப்புவதும் பிரேக்கை அழுத்துவதும் ஆகும். ஏற்கெனவே எல்லையைத் தாண்டிவிட்ட முன் டயர்களிடம் இவை மேலும் கேட்பதால் நிலைமை மோசமாகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கைச் சிறிதளவு நேராக்கி, டயர்கள் மீண்டும் பிடிக்கும்வரை காத்திருந்து, பிடித்ததும் அளவாகத் திருப்புவதே மீட்சி முறை. திரும்ப மறுக்கும் வண்டியில் ஸ்டியரிங்கைத் தளர்த்துவது மனித இயல்புக்கு மாறானது. அதனாலேயே இது கற்றால் மட்டுமே வரும்.

இரண்டாவது வகை பின்சக்கரச் சறுக்கல். வலப்பக்க வளைவில் வண்டியின் பின்பகுதி இடப்பக்கமாக வெளியே வீசப்பட, முகப்பு தேவைக்கு மேல் வலப்பக்கம் திரும்பிவிடும். இங்கே பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, பின்பகுதி செல்லும் பக்கமாகவே, அதாவது இடப்பக்கமாக, ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். ‘சறுக்கும் பக்கம் திருப்பு’ என்று பயிற்சி நூல்கள் கூறும் விதி இந்த வகைக்கு மட்டுமே பொருந்தும். எந்தப் பகுதி சறுக்கும் பக்கம் என்று ஓடும் வண்டியில் ஆராய்ந்துகொண்டிருக்க நேரமில்லாததால், செல்ல வேண்டிய வழியின் மேல் பார்வையை நிறுத்தி, அவ்வழியை நோக்கி முன்சக்கரங்களைத் திருப்புமாறு பல பயிற்றுநர்கள் கற்பிக்கின்றனர். பார்வை மோதவிருக்கும் மரத்தின் மேல் பதிந்தால் கையும் அங்கேயே செல்லும் என்பதை ஓட்டுநர் பயிற்சி நெடுங்காலமாக அறிந்துள்ளது. கியரை மாற்றக் கிளட்ச் உள்ள வண்டிகளில், சறுக்கல் தொடங்கியதும் கிளட்சை மிதித்து, எஞ்சினின் இழுப்பிலிருந்தும் தடையிலிருந்தும் சக்கரங்களை விடுவித்து அவற்றைத் தாமாக உருளவிடும் முறையும் வட ஐரோப்பாவில் கற்பிக்கப்படுகிறது.

பின்சக்கரச் சறுக்கலில் கடினமான பகுதி முதல் திருத்தமன்று. அதைத் திரும்பப் பெறும் கணமே கடினமானது. பின் டயர்கள் மீண்டும் பிடிக்கும் அந்த நொடியில் ஸ்டியரிங் இன்னும் இடப்பக்கமே திரும்பியிருந்தால், வண்டி எதிர்ப்பக்கம் முன்னைவிட வேகமாக வீசப்படும். இந்த இரண்டாம் வீச்சில்தான் பல வண்டிகள் எதிர்த்தடத்திற்கோ பள்ளத்திற்கோ செல்கின்றன. இதையே வேண்டுமென்று உண்டாக்கி, வளைவுக்கு முன் வண்டியை எதிர்ப்பக்கம் அசைத்து, அந்த வீச்சைக் கொண்டு வளைவில் நுழையும் வித்தையை ராலி ஓட்டுநர்கள் கையாள்கின்றனர். ‘ஸ்காண்டிநேவிய வீச்சு’ என்று அழைக்கப்படும் இவ்வித்தை, பல ஆண்டுப் பயிற்சியும் எதிரே வண்டி வராத மூடிய சாலையும் உள்ளவர்களுக்கே உரியது.

மூன்றாவது வகை நான்கு சக்கரங்களும் பூட்டிக்கொள்ளும் பிரேக் சறுக்கல். சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். கருவி இல்லாத வண்டியில் பிரேக்கைச் சற்று விட்டுச் சக்கரங்களை மீண்டும் உருளச் செய்து, பின் குறைந்த அழுத்தத்தோடு பிடிக்க வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் இதற்கு மாறாக, முழு வலுவுடன் மிதித்து, விடாமல் பிடித்துக்கொண்டு, தடையைச் சுற்றித் திருப்ப வேண்டும். அப்போது காலடியில் பிரேக் மிதி அதிர்வதைப் பழுது என்று கருதிக் காலை எடுத்துவிடுவோர் கருவியின் பயனை இழக்கின்றனர். நான்காவது வகை, அளவுக்கு மீறி ஆக்சிலரேட்டரை மிதிப்பதால் இழுக்கும் சக்கரங்கள் வீணே சுழல்வது; காலைத் தளர்த்தினாலே இது பெரும்பாலும் அடங்கும்.

இவற்றுள் எதுவும் பயனளிக்காமல் வண்டி சுழலத் தொடங்கிவிட்டால், பந்தய ஓட்டுநர்கள் பிரேக்கையும் கிளட்சையும் முழுவதும் மிதித்துப் பிடித்துக்கொள்வர். ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் பூட்டிய சக்கரங்கள் வண்டியை ஏறத்தாழ ஒரே நேர்க்கோட்டில் இழுத்துச் சென்று நிறுத்துவதால், அது எங்கே போய் நிற்கும் என்பதாவது உறுதிப்படும், வேகமும் குறையும். திசையை மீட்க முடியாத நிலையில் மோதலின் வலுவைக் குறைப்பதும் மீட்சியின் ஒரு பகுதியே.

நீரின் மேல் மிதக்கும் டயர்

நீர் தேங்கிய சாலையில் நேரும் சறுக்கல் தனி இயல்புடையது. டயர் தனக்கு முன்னால் உள்ள நீரை வெளியேற்றிய பிறகே தரையைத் தொட முடியும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில், 3 மில்லிமீட்டர் ஆழமுள்ள நீரில் ஓடும் 18 சென்டிமீட்டர் அகலமான டயர், நொடிக்கு ஏறத்தாழ 12 லிட்டர் நீரைத் தன் பாதையிலிருந்து அகற்றியாக வேண்டும். டயரில் வெட்டப்பட்டுள்ள வரிப்பள்ளங்கள் இதற்கென அமைந்த வடிகால்கள். அவை தேய்ந்துபோன மொட்டை டயராலும், மிகுந்த வேகத்தாலும் நீரை வெளியேற்ற முடியாதபோது, டயருக்கு முன்னே நீரின் அழுத்தம் உயர்ந்து, இறுதியில் டயரையே தூக்கிவிடுகிறது. அதன் பிறகு சக்கரத்திற்கும் சாலைக்கும் தொடர்பே இல்லை.

விமானங்கள் நனைந்த ஓடுதளங்களில் சறுக்குவதை ஆராய்ந்த அமெரிக்காவின் நாசா நிறுவனம், வால்ட்டர் ஹோர்ன் முதலியோரின் ஆய்வின் வழி 1963-இல் இந்த மிதப்பு வேகத்திற்கு ஓர் எளிய கணக்கை வெளியிட்டது. டயரின் காற்றழுத்தத்தைப் பி.எஸ்.ஐ. அளவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஏறத்தாழ 16.7-ஆல் பெருக்கினால் மிதப்பு தொடங்கும் வேகம் கி.மீ. அளவில் கிடைக்கும். வரிப்பள்ளங்களால் வெளியேற்ற முடியாத அளவுக்கு நீர் நிற்கும் நிலைக்குரிய இக்கணக்கின்படி, 36 பி.எஸ்.ஐ. அழுத்தமுள்ள டயர் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலும், 25 பி.எஸ்.ஐ. மட்டுமே உள்ள டயர் 83 கி.மீ. வேகத்திலேயே மிதக்கத் தொடங்கும். மழைக்காலத்தில் காற்றைக் குறைத்து ஓட்டினால் பிடிமானம் கூடும் என்னும் நம்பிக்கைக்கு இது நேர்மாறானது. மிதப்பு நேர்ந்தபின் செய்யத்தக்கது மிகக் குறைவு: ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்தி, டயர் தரையைத் தொடும்வரை பொறுத்திருப்பதே வழி.

கருவிகள் செய்ததும் செய்யாததும்

சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். முதலில் விமானங்களுக்கென வளர்ந்தது. 1950-களில் டன்லப் நிறுவனத்தின் ‘மாக்சரெட்’ என்னும் கருவி விமானங்களில் புழக்கத்திற்கு வந்தது. மின்னணு முறையில் இயங்கும் ஏ.பி.எஸ்.ஸை 1978-இல் பாஷ் நிறுவனம் உருவாக்க, மெர்சிடிஸ் பென்ஸ் தன் எஸ் வகைக் கார்களில் பொருத்தியது. சக்கரம் பூட்டிக்கொள்ளப்போவதை உணர்ந்து, நொடிக்குப் பலமுறை பிரேக் அழுத்தத்தைத் தளர்த்தியும் கூட்டியும், வழுக்கு விகிதத்தை உச்சப் பிடிமானத்திற்கு அருகில் வைத்திருப்பது இதன் பணி. 1995-இல் அதே இரு நிறுவனங்களும் அறிமுகப்படுத்திய மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு இதற்கு அடுத்த படி. ஸ்டியரிங் திரும்பிய கோணத்தையும் வண்டி உண்மையில் சுழலும் வேகத்தையும் ஒப்பிட்டு, இரண்டும் வேறுபடும்போது இக்கருவி ஒரு சக்கரத்தில் மட்டும் தானே பிரேக் பிடிக்கிறது. பின்பகுதி வீசப்பட்டால் வளைவின் வெளிப்புற முன்சக்கரத்திலும், முன்பகுதி திரும்ப மறுத்தால் உட்புறப் பின்சக்கரத்திலும் பிடித்து வண்டியை வழிக்குக் கொண்டுவருகிறது. 1997-இல் சுவீடனில் ஒரு வாகன இதழ், சாலையில் காட்டுமான் குறுக்கிட்டால் விலகிச் செல்வது போன்ற சோதனையை நடத்தியபோது மெர்சிடிஸ் ஏ வகைக் கார் கவிழ்ந்தது. அதன் பிறகு அந்நிறுவனம் அச்சிறிய காரிலும் இக்கருவியை இயல்பாகவே பொருத்தத் தொடங்கியது.

இக்கருவி தனி வண்டி விபத்துகளைக் கார்களில் 34 விழுக்காடும், எஸ்.யு.வி. வகை வண்டிகளில் 59 விழுக்காடும் குறைக்கும் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2007-இல் மதிப்பிட்டு, 2012 முதல் எல்லா இலகு வண்டிகளுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் ஏ.பி.எஸ். பற்றி 1980-களில் ஜெர்மனியின் மியூனிக் நகர டாக்சிகளில் நடந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஏ.பி.எஸ். உள்ள டாக்சிகளும் இல்லாத டாக்சிகளும் ஏறத்தாழ ஒரே அளவில் விபத்துக்குள்ளாயின, ஏ.பி.எஸ். இருப்பதை அறிந்த ஓட்டுநர்கள் வளைவுகளில் கூடுதல் துணிவுடன் ஓட்டினர். கருவி தந்த பாதுகாப்பை ஓட்டுநர் வேகமாக மாற்றிச் செலவிட்டுவிட்டார். இரண்டு கருவிகளாலும் சாலையின் பிடிமானத்தைக் கூட்ட முடியாது. இருப்பதைச் சிறப்பாகப் பங்கிட மட்டுமே முடியும். மியூனிக் ஆய்வு காட்டிய இவ்வியல்பு கருவிகளுக்கு மட்டும் உரியதா, பயிற்சிக்கும் உரியதா என்னும் கேள்வி இங்கே எழுகிறது.

வட ஐரோப்பா கற்ற பாடம்

நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில் ஆண்டின் பல மாதங்கள் சாலைகள் பனியாலும் பனிக்கட்டியாலும் மூடப்பட்டிருக்கின்றன. வெப்பநிலை சுழியத்தை ஒட்டியிருக்கும்போது பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் உருவாவதால், கடுங்குளிரைவிட இத்தகைய நாள்களிலேயே வழுக்கல் மிகுதி. ஆகவே இந்நாடுகள் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்குத் தளங்களில் பயிற்சியளிப்பதைச் சட்டமாக்கின. நனைந்த வழவழப்பான தளத்தில் வண்டியை வேண்டுமென்றே சறுக்கவிட்டு மீட்கப் பழக்குவது அப்பயிற்சியின் மையம். பனிநாட்டில் சறுக்கலை மீட்கத் தெரிந்தவர் குறைவாகவே விபத்துக்குள்ளாவார் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

நார்வே 1979-இல் இத்தகைய பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அதன் விளைவை அந்நாட்டின் போக்குவரத்துப் பொருளியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆல்ஃப் கிளாட் ஆராய்ந்து 1988-இல் வெளியிட்ட முடிவு, எதிர்பார்ப்பைத் தலைகீழாக்கியது: வழுக்கும் சாலைகளில் இளைஞர்களின் விபத்து அபாயம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழக உளவியலாளர்கள், வழுக்குத் தளப் பயிற்சியின் நோக்கங்கள் தம்முள் முரண்படுவதைச் சுட்டிக்காட்டினர். அபாயத்தை உணர்த்துவதே நோக்கம் என்று பாடத்திட்டம் சொல்ல, கைத்திறனைப் பெற்றுவிட்டோம் என்னும் நிறைவோடு மாணவர்கள் வெளியேறினர்.

சுவீடனின் லின்ஷோப்பிங்கில் உள்ள தேசியச் சாலை ஆய்வு நிறுவனத்தின் நில்ஸ் பெட்டர் கிரெகெர்சன் 1996-இல் வெளியிட்ட சோதனை இதன் காரணத்தை விளக்கியது. பழகுநர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு வழுக்குத் தளத்தில் பிரேக் பிடிக்கவும் தடையைத் தவிர்க்கவும் தேவையான திறன் கற்பிக்கப்பட்டது. மற்றொரு குழுவுக்கு அத்தகைய நிலையில் தம் திறன் எவ்வளவு நம்பத்தகாதது என்பது உணர்த்தப்பட்டது. பின்னர்ச் சோதித்தபோது இரு குழுக்களின் உண்மைத் திறனில் வேறுபாடு இல்லை. ஆனால் திறன் கற்ற குழுவினர் தம் ஆற்றலை மற்றவர்களைவிட உயர்வாக மதிப்பிட்டனர். பயிற்சி திறனை வளர்க்கவில்லை. திறன் வளர்ந்துவிட்டது என்னும் எண்ணத்தை மட்டும் வளர்த்துவிட்டது.

இம்முடிவுகளின் அடிப்படையை அறிவது கடினமன்று. சறுக்கலை மீட்பது சிந்தித்துச் செய்யும் செயலன்று. கை தானாகச் செய்ய வேண்டிய அனிச்சை. அத்தகைய அனிச்சை அரைநாள் பயிற்சியில் உருவாவதில்லை. உருவானாலும், ஆண்டுக்கு ஒருமுறைகூடத் தேவைப்படாத திறன் பயன்பாடின்றி மங்கிவிடுகிறது. ஆனால் அத்திறன் தன்னிடம் உண்டு என்னும் நம்பிக்கை மங்குவதில்லை. அதை நம்பி ஓட்டுநர் பனி பொழியும் நாளில் வீட்டில் தங்காமல் புறப்படுகிறார், வளைவில் சற்று வேகமாக நுழைகிறார். பயிற்சித் தளத்தில் அவர் மீட்ட சறுக்கல் முன்னரே எதிர்பார்த்தது, வெட்டவெளியில் நடந்தது. சாலையில் நேரும் சறுக்கலோ எதிர்பாராதது, இருபுறமும் மரமும் எதிரே லாரியும் உள்ள இடத்தில் நடப்பது. நிலைப்புக் கட்டுப்பாட்டுக் கருவி பயிற்சியைவிடச் சிறந்த பயனைத் தந்ததற்கும் இதில் ஒரு விளக்கம் உண்டு: அது களைப்பதில்லை, மறப்பதில்லை, பெரும்பாலான நாள்களில் தான் இருப்பதையே ஓட்டுநருக்கு உணர்த்தாததால் அவருடைய துணிவையும் அவ்வளவாக வளர்ப்பதில்லை.

சுவீடன் வழுக்குத் தளங்களை மூடிவிடவில்லை. அவற்றின் பாடத்தை மாற்றியது. மாணவர் வெவ்வேறு வேகங்களில் பிரேக் பிடித்து, நிறுத்தும் தூரம் எவ்வாறு நீள்கிறது என்று காண்கிறார். தேய்ந்த டயருக்கும் நல்ல டயருக்கும் உள்ள வேறுபாட்டை உணர்கிறார். தம்மால் மீட்க முடியாத வேகம் எது என்பதைத் தோற்றே அறிகிறார். தம் எல்லையை அறிந்துகொண்டு வெளியேறுவதே இப்போது தேர்ச்சியாகக் கருதப்படுகிறது.

பனியில்லாச் சாலைகளில்

பனி காணாத தமிழ்நாட்டுச் சாலைகளுக்கும் இப்பாடம் பொருந்துவதற்குக் காரணம், உராய்வுக் கெழு திடீரென விழும் இடங்கள் இங்கும் நிறைந்திருப்பதே. கோடை முழுவதும் படிந்த எண்ணெயும் தூசியும் டயர்த்துகளும் முதல் மழையின் தொடக்கத்தில் நீரோடு கலந்து வழுக்கும் படலமாகின்றன. மழை வலுத்து அவற்றைக் கழுவிய பிறகு சாலை ஓரளவு தேறுகிறது. வளைவுகளின் ஓரத்தில் குவியும் மணலும், வர்ணம் பூசிய குறுக்குக் கோடுகளும், பாதாளச் சாக்கடை மூடிகளும், அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பப்படும் தானியமும் இதே வகையைச் சேர்ந்தவை. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையிலோ 40 வளைவுகள் கொண்ட வால்பாறைச் சாலையிலோ எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குபவர், எஞ்சின் தரும் தடையை இழந்து, வேகம் முழுவதையும் பிரேக்கின் மீதும் அதன் வழியே டயரின் பிடிமானத்தின் மீதும் சுமத்துகிறார். குறைந்த கியரில் இறங்குபவருக்கோ அப்பிடிமானம் வளைவில் திரும்புவதற்கென மிஞ்சுகிறது.

இருசக்கர வண்டிகளில் மீட்சியின் எல்லை இன்னும் குறுகியது. காரின் முன்சக்கரம் பூட்டினால் வண்டி நேராகச் செல்லும். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் பூட்டினால், திருத்துவதற்கு நேரமின்றிக் கணத்தில் வண்டி சாய்ந்துவிடும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகளில் ஏ.பி.எஸ். இருக்க வேண்டும் என்று இந்திய அரசு 2018 ஏப்ரல் முதல் புதிய மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் முதல் ஏனையவற்றுக்கும் விதித்தது இதனால்தான். அக்கருவியும், வண்டி நிமிர்ந்து நேராகச் செல்லும்போது தரும் முழுப் பயனைச் சாய்ந்து திரும்பும்போது தர இயலாது. ஆகவே வளைவுக்கு முன்பே இரு பிரேக்குகளையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தி வேகத்தைக் குறைப்பதைவிடச் சிறந்த மீட்சி முறை இருசக்கர வண்டிக்கு இல்லை.

முடிவுரை

முன்சக்கரம் சறுக்கினால் தளர்த்து, பின்சக்கரம் சறுக்கினால் செல்ல வேண்டிய வழி பார்த்துத் திருப்பு, நீரில் மிதந்தால் பொறு என்னும் மீட்சி விதிகளை ஒவ்வோர் ஓட்டுநரும் அறிந்திருக்க வேண்டும். அவற்றைவிட முதலில் அறிய வேண்டியது, அவ்விதிகள் எல்லையைச் சிறிதளவு தாண்டிய வண்டிக்கு மட்டுமே உதவும், பெருமளவு தாண்டிய வண்டியை எந்தக் கையாலும் மீட்க முடியாது என்பதாகும். இங்குள்ள உரிமத் தேர்வு, இருசக்கர வண்டியை எட்டு வடிவிலும் காரை ‘எச்’ வடிவிலும் தளத்தைவிட்டு விலகாமல் ஓட்டத் தெரிகிறதா என்று சோதிக்கிறது. ஈரத்தரையில் 60 கி.மீ. வேகத்தில் சென்று பிரேக் பிடித்தால் வண்டி எங்கே நிற்கும் என்பதைப் பழகுநர் ஒருமுறையேனும் கண்ணால் காண அதில் இடமில்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் நீர் தெளித்த ஒரு திடலையும் அளவு குறித்த சில கூம்புகளையும் கொண்டு இந்தப் பாடத்தைத் தொடங்கிவிட முடியும். சுவீடன் பல ஆண்டுகளுக்குப் பின் வந்தடைந்த இடத்திலிருந்தே இங்கே தொடங்குவது அறிவுடைமை. அதுவரை ஒவ்வோர் ஓட்டுநரும் தாமே கைக்கொள்ளத்தக்க விதி ஒன்று உண்டு: வேகத்தைப் பாதியாக்கினால் நிறுத்தும் தூரம் கால் பங்காகும், மழை தொடங்கியதும் அக்கணக்கைப் பயன்படுத்தும் ஓட்டுநருக்கு மீட்சித் திறன் தேவைப்படும் நாள் அரிதாகவே வரும்.